கரைந்த செம்பு

கொல்கத்தாவின் சாந்தினி சவுக் மெட்ரோ நிலையத்திலிருந்து மேலே ஏறி மதன் தெருப் பக்கம் நடந்தால், நடைபாதை முழுக்க ரிமோட், அடாப்டர், சார்ஜர், ஸ்பீக்கர் கூம்பு, பழைய டிவியிலிருந்து கழற்றிய பலகைகள். சென்னை ரிச்சி தெருவில் அலைந்து பழகியவர்களுக்கு இந்த இடத்தை விளக்க வேண்டியதில்லை. உள்ளே போகப் போகக் கடைகள் சிறுத்துக்கொண்டே வரும், சரக்கும் நுணுகிக்கொண்டே வரும். ரெசிஸ்டரையும் கெப்பாசிட்டரையும் சின்னச் சின்ன டப்பாக்களில் பிரித்து வைத்திருக்கும் ஒரு கடையில் "காப்பர் கிளாட்" என்று கேட்டால், ஒரு முகம் செம்பாக மினுங்கும் தகட்டை எடுத்து மேசையில் வைப்பார்கள். மறுமுகம் இளம்பச்சையோ மஞ்சளோ கலந்த, ஒளி லேசாக ஊடுருவும் பலகையாக இருக்கும். அதோடு கேட்காமலே வருவது "பெர்ரிக் குளோரைடு வேண்டுமா?" என்ற கேள்வி. தகட்டை வாங்குகிறவர் அதை எதற்கு வாங்குகிறார் என்பது கடைக்காரருக்குத் தெரியும். வீட்டுக்குப் போய், தேவையில்லாத செம்பைக் கரைத்து எடுத்துவிட்டு, மிச்சத்தை மின்சுற்றுப் பலகையாக்கப் போகிறார்.

அப்படி வாங்கிய ஒரு தகட்டை எடுத்துக்கொள்வோம். 10 செ.மீ.க்கு 15 செ.மீ. மேலே ஒட்டியிருக்கும் செம்பின் கனம் 35 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் முப்பதில் ஒரு பங்குக்கும் சற்றுக் கூடுதல். பரப்பையும் கனத்தையும் செம்பின் அடர்த்தியோடு பெருக்கினால் கிடைப்பது சுமார் 4.7 கிராம். ஐந்து கிராம்கூடத் தேறாத இந்தச் செம்பு எங்கிருந்து வருகிறது, எந்தெந்த வழியில் போகிறது என்பதுதான் இந்தக் கட்டுரை. எலக்ட்ரானிக்ஸ் கற்றுத்தரும் புத்தகங்களில் பலகையின் கதை இருக்கும். கரைந்துபோன செம்பின் கதையை அநேகமாக எவரும் எழுதுவதில்லை.

செம்பு என்றதும் கொல்கத்தாக்காரர்களுக்கு நினைவுக்கு வர வேண்டிய ஊர் காட்சிலா. ஹவுராவிலிருந்து ரயிலில் இருநூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல், ஜார்க்கண்டில், சுவர்ணரேகா நதிக்கரையில் இருக்கிறது. காற்று மாற்றத்துக்காக வங்காளிக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் போய்வரும் ஊர். 'பதேர் பாஞ்சாலி' எழுதிய விபூதிபூஷண் பந்தோபாத்யாய் வாழ்ந்து, 1950இல் கண்மூடிய ஊரும் அதுதான். அதன் பக்கத்திலேயே மௌபண்டார் செம்பு உருக்காலை. சிங்பூம் செம்புப் படுகையின் தாதுவை நம்பி ஆங்கிலேயர் காலத்தில் எழுந்த அந்தத் தொழில் 1972இல் நாட்டுடைமையாகி, பொதுத்துறையான ஹிந்துஸ்தான் காப்பரின் கைக்கு வந்தது. அந்நிறுவனத்தின் தலைமை அலுவலகம் இருப்பது கொல்கத்தாவில். நாட்டின் செம்புக் கணக்கு எழுதப்படும் நகரம் இது.

ஆனால் சாந்தினியில் விற்கும் தகட்டின் செம்பு காட்சிலாவிலிருந்து நேராக வந்திருக்க வாய்ப்புக் குறைவு. சுத்திகரித்த செம்பு வேறு, இந்த மெல்லிய செம்புத்தாள் வேறு. செம்பைக் கந்தக அமிலத்தில் கரைத்து, அந்தக் கரைசலுக்குள் பாதி மூழ்கிச் சுழலும் பெரிய டைட்டானிய உருளையின் மேல் மின்சாரத்தால் படிய வைத்து, படிந்ததைத் தாள்போல உரித்துச் சுருட்டுகிறார்கள். உருளை சுழலும் வேகத்தைப் பொறுத்துத் தாளின் கனம் அமையும். உருளையைத் தொட்ட முகம் வழவழப்பாக இருக்கும், மறுமுகம் சொரசொரப்பாக இருக்கும். அந்தச் சொரசொரப்பு முகத்தைத்தான் எபாக்சிப் பிசினில் தோய்த்த கண்ணாடியிழைத் துணியோடு சூட்டிலும் அழுத்தத்திலும் ஒட்டுகிறார்கள். எஃப்.ஆர்.-4 என்று சொல்லப்படும் பலகை அதுதான். இந்தத் தாள் தயாரிப்பில் சீனாவும் தைவானும் முன்னால் நிற்கின்றன, இந்தியா பெரும்பாலும் இறக்குமதியை நம்பியிருக்கிறது. இங்கே ஒன்றைக் கவனித்துக்கொள்ளலாம். இந்தச் செம்பு சாந்தினிக்கு வருவதற்கு முன்பே ஒருமுறை முழுக்கக் கரைந்து, மறுபடியும் உலோகமாகத் திரும்பி வந்திருக்கிறது. கரைவது அதற்குப் புதிதல்ல. கரைந்ததைத் திருப்பி எடுப்பதும் முடியாத காரியம் அல்ல.

செம்பைக் கரைத்து வடிவம் எடுக்கும் கலையும் கொல்கத்தாவுக்குப் புதிதல்ல. ரேடியோ வருவதற்கு முன்பே இந்த ஊரில் அதைத் தொழிலாகச் செய்தார்கள். 1895இல் உபேந்திரகிஷோர் ராய்சௌத்ரி, புத்தகங்களில் படம் அச்சாகும் தரத்தைப் பார்த்து மனம் பொறுக்காமல், இங்கிலாந்திலிருந்து கருவிகளை வரவழைத்து பிளாக் எடுக்கும் தொழிலைத் தொடங்கினார். பின்னாளில் அது யூ. ராய் அண்டு சன்ஸ் என்று பெயர் பெற்று, கார்பார் சாலை 100ஆம் எண் வீட்டில் இயங்கியது. குழந்தைகளுக்கான 'சந்தேஷ்' இதழை 1913இல் அவர் தொடங்கியபோது அதன் படங்களுக்குக் கிடைத்த துல்லியம் அந்த உழைப்பின் பலன். படத்தைப் புள்ளிகளாக்கி அச்சிடும் ஹாஃப்டோன் முறையைப் பற்றி அவர் எழுதிய கட்டுரைகள் லண்டனிலிருந்து வந்த பென்ரோஸ் ஆண்டு மலரில் வெளியாகின. மகன் சுகுமார் ராய் அச்சுத் தொழில்நுட்பம் படிக்க 1911இல் இங்கிலாந்து போனார். பேரன் சத்யஜித் ராய்.

பழைய தமிழ்ப் பத்திரிகை அலுவலகங்களில் வேலை பார்த்தவர்களுக்கு பிளாக் என்றால் என்னவென்று தெரியும். மெருகேற்றிய செம்புத் தகட்டின் மேல் படத்தைப் புள்ளிகளாகப் பதிப்பார்கள். புள்ளி இருக்கும் இடத்தில் அமிலம் தின்னாத பூச்சு நிற்கும், மற்ற இடத்தில் செம்பு வெறுமையாக இருக்கும். பிறகு தகட்டைக் கரைசலில் போடுவார்கள். வெறுமையான செம்பு கரைந்து பள்ளமாகும், புள்ளிகள் மேடாக நிற்கும். துத்தநாகத் தகடென்றால் நைட்ரிக் அமிலம், செம்பென்றால் பெர்ரிக் குளோரைடு. சாந்தினியில் இன்று பாக்கெட்டில் விற்கும் அதே பொருள்தான்.

மின்சுற்றை அச்சடிக்கலாம் என்ற எண்ணமும் அச்சுத் தொழிலுக்குள்ளிருந்துதான் வந்தது. பால் ஐஸ்லர் 1907இல் வியன்னாவில் பிறந்த யூதப் பொறியாளர். அங்கே பத்திரிகை அச்சோடு பழக்கம் இருந்தவர். 1936இல் லண்டனுக்குத் தப்பி வந்து, வாடகை அறையில் உட்கார்ந்து, கம்பிகளுக்குப் பதிலாகச் செம்புப் பாதைகள் பதிந்த பலகையை வைத்து ஒரு ரேடியோவை உண்டாக்கிக் காட்டினார். அன்றைய ரேடியோவைத் திறந்தால் உள்ளே கம்பிகள் சிக்கிக்கொண்டு கிடக்கும். ஒவ்வொரு கம்பியையும் ஒரு தொழிலாளி கையால் பற்றவைத்திருப்பார். ஐஸ்லர் போய்க் காட்டிய நிறுவனம், அந்த வேலையைச் செய்யும் பெண்களின் கூலி இதைவிட மலிவு என்று சொல்லித் திருப்பி அனுப்பியதாக அவருடைய வரலாற்றைச் சொல்பவர்கள் குறிப்பிடுகிறார்கள். கடைசியில் அவருக்குக் கதவு திறந்தது ஓர் அச்சு நிறுவனம்தான். 1943இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். போர் முடிந்தபின் உலகம் முழுவதும் அந்த முறை பரவியது. பிளாக் மேக்கர் மேட்டை வைத்துக்கொண்டு மை தடவினார், ஐஸ்லர் அதே மேட்டில் மின்சாரத்தை ஓடவிட்டார். இரண்டு வேலைகளுக்கும் இடையில் வேறு பெரிய தூரம் இல்லை.

கார்பார் சாலைக்கு அருகிலேயே ராஜாபஜார் அறிவியல் கல்லூரி வளாகம் இருக்கிறது. அங்கேதான் சிசிர் குமார் மித்ராவின் முயற்சியில் 1949இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் ரேடியோ இயற்பியல், எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் உருவானது. இந்தியப் புள்ளியியல் நிறுவனமும் ஜாதவ்பூர் பல்கலைக்கழகமும் சேர்ந்து டிரான்சிஸ்டர்களால் ஆன ஐ.எஸ்.ஐ.ஜே.யு.-1 கணினியை 1966இல் இயக்கியதும் இதே ஊரில். வெளியிலிருந்து வாங்க முடியாததைத் தானே செய்து பார்க்கும் பழக்கம் கொல்கத்தாவில் ஊறியிருந்தது. சாந்தினிக் கடைகள் அந்தப் பழக்கத்துக்குத் தீனி போட்டன, இன்னமும் போடுகின்றன.

நம் தகடு இப்போது வீட்டுக்கு வந்துவிட்டது. அது எதற்காக என்றால், பூஜைக் காலத்தில் ஓடும் விளக்குக்காக என்று வைத்துக்கொள்வோம். ஒரு 555 டைமர், ஒரு 4017 கவுன்டர், பத்து டிரான்சிஸ்டர், வரிசையாக எரிந்து அணையும் எல்.இ.டி. சரங்கள். எலக்ட்ரானிக்ஸ் கற்கும் எவரும் முதலில் செய்து பார்க்கும் சுற்று இது.

முதல் வேலை துப்புரவு. பாத்திரம் தேய்க்கும் ஸ்கிரப்பரால் செம்பை நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். அதன்பின் விரல் படக் கூடாது. விரலின் எண்ணெய் பட்ட இடத்தில் அடுத்து வைப்பது எதுவும் ஒட்டாது. முன்பெல்லாம் மெல்லிய தூரிகையால் எனாமல் பெயின்ட் எடுத்து ஒவ்வொரு கோடாக வரைவார்கள். அதற்குப் பிறகு அழியாத மை மார்க்கர் வந்தது. இப்போது பெரும்பாலும் டோனர் முறை. கணினியில் வரைந்த சுற்றை லேசர் பிரின்டரில், விளம்பரப் பக்கத்தின் வழவழப்பான தாளில் அச்சிட்டு, அதைத் தகட்டின்மேல் கவிழ்த்து, துணி தேய்க்கும் பெட்டியால் சில நிமிடம் அழுத்தித் தேய்க்க வேண்டும். லேசர் பிரின்டரின் மை உண்மையில் பிளாஸ்டிக் தூள். சூட்டில் இளகித் தாளைவிட்டுச் செம்பில் ஒட்டிக்கொள்ளும். பிறகு தண்ணீரில் ஊறவைத்து, விரல்நுனியால் தாளை மட்டும் உருட்டி உருட்டி எடுத்தால் கறுப்புக் கோடுகள் செம்பின்மேல் நிற்கும். இன்க்ஜெட் அச்சு இதற்கு உதவாது. எங்காவது கோடு விட்டுப்போயிருந்தால் மார்க்கரால் சேர்த்துக்கொள்ளலாம்.

அடுத்து கரைசல். ரசகுல்லா வாங்கிய பிளாஸ்டிக் டப்பா போதும். அலுமினியப் பாத்திரத்தை மட்டும் பக்கத்திலேயே கொண்டுவரக் கூடாது. பெர்ரிக் குளோரைடு அலுமினியத்தைத் தொட்டால் கொதித்துப் பொங்கிவிடும். தூளைத் தண்ணீரில் போட்டாலே கரைசல் சூடேறும். ஆகையால் தண்ணீரில் தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும், தூளின்மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். பழைய வடகொல்கத்தா வீடுகளின் சிவப்புச் சிமென்ட் தரையில் ஒரு சொட்டு விழுந்தாலும் கறை போகாது.

தகட்டைக் கரைசலில் விட்ட உடனே செம்பின் பளபளப்பு போய், மங்கலான இளஞ்சிவப்பு வரும். வேதிவினை தொடங்கிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். இரண்டு மூலக்கூறு பெர்ரிக் குளோரைடு ஓர் அணுச் செம்பைத் தின்று பெர்ரஸ் குளோரைடாக மாறுகிறது. செம்பு குப்ரிக் குளோரைடாகக் கரைசலுக்குள் இறங்குகிறது. தகட்டைச் செம்பு முகம் கீழே பார்க்க மிதக்கவிடுவது பழகியவர்களின் வழி. கரைந்தது தகட்டின்மேல் தேங்காமல் அடியில் இறங்கிவிடும். மே மாத வெயிலில் வேலை விறுவிறுவென்று முடியும். ஜனவரிக் குளிரில் டப்பாவை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் ஓரங்களில் பலகை தெரியும். பிறகு கோடுகளுக்கு நடுவே திட்டுத்திட்டாகத் திறக்கும். கடைசித் திட்டு மறைந்ததும் எடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் விட்டால் கரைசல் கோட்டின் பக்கவாட்டில் புகுந்து, டோனருக்கு அடியிலேயே செம்பை அரித்து மெலிய வைக்கும்.

டோனரைத் தின்னரால் துடைத்தால் அடியில் செம்புப் பாதைகள் பளிச்சென்று கிடக்கும். அந்த நிமிடத்தின் சந்தோஷம் செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், அதில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை. ஒரு கருவி எப்படி இயங்குகிறது என்பதைப் புத்தகத்தில் படிப்பதும், அதன் மின்பாதையைத் தன் கையாலேயே கண்முன் வரவழைப்பதும் ஒன்றல்ல. இந்தக் கைவேலை அழியக் கூடாது.

இங்கே நம் 4.7 கிராம் இரண்டாகப் பிரிகிறது. சுற்றுக்கு வேண்டிய பாதைகள் பரப்பில் மூன்றில் ஒரு பங்கு என்று கொண்டால், ஒன்றரை கிராம் பலகையில் நிற்கும். மூன்று கிராமுக்கு மேல் டப்பாவுக்குள் போய்விட்டது.

பலகையில் நின்றதன் வாழ்க்கையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். ஒரு மில்லிமீட்டர் துளைகள் போட்டு, பாகங்களைச் செருகி, ஈயமும் வெள்ளீயமும் கலந்த கம்பியால் பற்றவைக்கிறோம். கொல்கத்தாவின் ஈரக்காற்றில் வெறும் செம்பு சீக்கிரமே களிம்பேறிவிடும் என்பதால் பாதைகள் முழுக்க ஈயம் பூசுவது நல்லது. பிறகு அது பந்தல் மூங்கிலுக்குப் பின்னால் ஒரு பெட்டிக்குள் உட்கார்ந்து விளக்குகளை ஓட்டுகிறது. ஹூக்ளிக் கரையில் கொல்கத்தாவுக்கு வடக்கே இருக்கும் சந்தன்நகரின் விளக்குக் கலைஞர்கள் இந்த ஓடும் ஒளியை ஒரு பெரும் கலையாகவே வளர்த்திருக்கிறார்கள். ஸ்ரீதர் தாஸ் போன்றவர்களின் பெயர் வங்காளம் முழுவதும் தெரியும். அங்கே தொடக்கத்தில் மோட்டாரில் சுழலும் உருளையில் தொடுமுனைகளை வைத்து, விளக்குகளை மாற்றி மாற்றி எரியவிட்டார்கள். உருளையின் இடத்துக்கு இப்போது மின்னணுப் பலகை வந்துவிட்டது.

சில ஆண்டுகளில் பலகை பழுதாகும், பழைய சாமான் வாங்குகிறவரிடம் போகும். அங்கிருந்து முறையான மறுசுழற்சி ஆலைக்குப் போனால் நல்லது. போகாவிட்டால் எங்கோ ஒரு வெட்டவெளியில் எரியும். உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத்தில், ராம்கங்கா ஆற்றோரம், பலகைகளை எரித்தும் அமிலத்தில் போட்டும் உலோகம் எடுக்கும் தொழில் பல ஆண்டுகளாக நடந்து வந்திருக்கிறது. எஃப்.ஆர்.-4 பலகையில் தீப்பிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் புரோமின் சேர்மங்கள் எரியும்போது கொடிய நச்சாக மாறுகின்றன. மின்கழிவு விதிகள் 2011இலேயே வந்துவிட்டன, 2022இல் புதுப்பிக்கவும் பட்டன. ஆனாலும் விதியாவது, மண்ணாவது என்று நடக்கும் இடங்கள் இருக்கின்றன. இந்த அவலம் பற்றி ஓரளவு பேச்சு நடக்கிறது. டப்பாவுக்குள் போன மூன்று கிராமைப் பற்றித்தான் பேச்சே இல்லை.

அது அநேகமாகக் குளியலறைச் சாக்கடைக்குள் போகிறது. வேலை முடிந்த கரைசல் கரும்பச்சை கலந்த பழுப்பாக இருக்கும். நிறைய தண்ணீர் விட்டு ஊற்றிவிடலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பொதுச் சாக்கடையில் விடும் கழிவுநீரில் செம்பு ஒரு லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது ஆலைகளுக்கு இந்தியாவில் விதித்திருக்கும் பொது வரம்பு. மூன்று கிராம் செம்பை அந்த வரம்புக்குள் கொண்டுவர 1,000 லிட்டர் தண்ணீர் வேண்டும். மொட்டைமாடித் தொட்டி ஒன்று முழுவதும். அதுவும் ஒரே ஒரு சிறு பலகைக்கு. அப்படி நீர்த்தாலும் செம்பு அழிவதில்லை, பரவுகிறது அவ்வளவுதான். சாணமும் சோப்புத் தண்ணீரும் மக்கிப் போகும். உலோகம் மக்குவதில்லை.

கொல்கத்தாவில் சாக்கடை போகும் இடம்தான் இந்தக் கதையை வேறு ஊர்க் கதைகளிலிருந்து பிரித்துவிடுகிறது. மாநகரின் பெரும்பகுதிக் கழிவுநீர் கங்கைக்குப் போவதில்லை. நிலம் கிழக்கே சரிந்திருப்பதால், செங்கல் சாக்கடைகளும் பம்பு நிலையங்களும் கால்வாய்களும் அதைக் கிழக்கே கொண்டுபோகின்றன. வழியில் கிழக்குக் கொல்கத்தா ஈரநிலம். ஏறக்குறைய 12,500 ஹெக்டேர். உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2002இல் சேர்ந்தது. அங்கே பேரி என்று அழைக்கப்படும் ஆழமில்லாத பெரிய குளங்கள் இருநூற்றுக்கு மேல் இருக்கின்றன. கழிவுநீரை அளவாக உள்ளே விட்டு, வெயில் பட வைக்கிறார்கள். கழிவை பாக்டீரியா சிதைக்கிறது, அந்தச் சத்தில் பாசி வளர்கிறது, பாசியை மீன் தின்கிறது. ரோகு, கட்லா, மிருகால், திலேப்பியா. விடிவதற்குள் மீன் மாநகரச் சந்தைகளுக்கு வந்துவிடும். மிச்சத் தண்ணீர் நெல்லுக்கும் காய்கறிக்கும் பாய்ந்து, கடைசியில் குல்டி ஆற்றில் சேரும்.

பெரும்பொருட்செலவில் கட்ட வேண்டிய சுத்திகரிப்பு நிலையத்தின் வேலையை மீனவர்கள் தங்கள் பட்டறிவால் செய்துகொண்டிருக்கிறார்கள் என்பதை உலகுக்கு எடுத்துச் சொன்னவர் துருவஜோதி கோஷ். அரசுப் பொறியாளர். 2018இல் மறையும்வரை அந்த ஈரநிலத்தைக் காக்கவே எழுதினார், வாதிட்டார், நடந்தார்.

இந்த ஏற்பாடு முழுவதும் பாசியை நம்பி நிற்கிறது. பாசிக்கு ஆகாத உலோகங்களில் முன்னால் நிற்பது செம்பு. குளத்தில் பாசி மண்டினால் அதைக் கொல்ல மீன் வளர்ப்போர் போடுவதே செம்பு சல்பேட்தான். லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்கும் குறைந்த அளவிலேயே பல மீன்களுக்குச் செம்பு தீங்கு செய்யும். ஒரு வீட்டின் மூன்று கிராம் அந்தப் பரப்புக்கு முன் ஒன்றுமில்லை என்று சொல்லலாம். உண்மைதான். இந்த நீருக்குப் பெரிய ஆபத்துகள் தோல் ஆலைகளிலிருந்தும் பட்டறைகளிலிருந்தும் வந்தவை. நகருக்குள் இருந்த தோல் ஆலைகளை வெளியேறச் சொல்லி உச்ச நீதிமன்றம் 1996இல் உத்தரவிட்டது. அதே ஆண்டில்தான் வேலூர்த் தோல் ஆலைகள் பற்றிய தீர்ப்பும் வந்தது. பாலாற்றின் கதி நமக்குத் தெரியும். ஆனால் ஆலைக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் உண்டு, நோட்டீஸ் உண்டு, அளந்து பார்க்க அதிகாரி உண்டு. வீட்டுக் குளியலறைக்கு எவரும் வந்து அளக்கப்போவதில்லை. அங்கே ஒரே காவல் செய்கிறவரின் மனசாட்சி. கொல்கத்தாவில் மீன் சாப்பிடாத வீடு அபூர்வம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

செய்ய வேண்டியது கடினமே இல்லை. வேலை முடிந்த கரைசலை வாய் அகன்ற பிளாஸ்டிக் வாளியில் ஊற்றி, ஜன்னல் திறந்த இடத்தில் வைத்து, எண்ணெய்ப் பசையில்லாத இரும்புக் கம்பளியைப் போட வேண்டும். இரும்பு கரையும், செம்பு வெளியே வரும். ஒன்றிரண்டு நாளில் வாளியின் அடியில் செம்பழுப்புத் தூள் படிந்திருக்கும். காணாமல்போன மூன்று கிராமில் பெரும்பகுதி அதுதான். மறுபடியும் உலோகம். பிறகு சலவைச் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவ வேண்டும். நுரை பொங்கும், பயப்பட வேண்டாம், அது கரியமில வாயு. அவசரப்பட்டு மொத்தமாகக் கொட்டினால்தான் வாளி வழியும். சோடா போட்டும் நுரை வராத நிலை வந்து, லிட்மஸ் தாள் நீலமாக மாறினால், மிச்ச இரும்பும் செம்பும் கரையாத சேறாகக் கீழே இறங்கியிருக்கும். மேலே தெளிந்த நீரைப் பழைய பனியன் துணியில் வடித்துவிடலாம். சேற்றைக் காயவைத்து டப்பாவில் மூடி, "செம்புக் கழிவு" என்று எழுதிச் சேர்த்து வைக்க வேண்டும். குப்பை மேலாண்மை விதிகள் வீட்டு ஆபத்துக் கழிவைத் தனியாகப் பிரித்துத் தரச் சொல்கின்றன. மேற்கு வங்கத்தின் தொழிற்கழிவுகளுக்கு ஹால்தியாவில் ஒரு பொது மையம் இருக்கிறது. தனி ஒருவர் அங்கே போய் நிற்க முடியாது, ஒரு கல்லூரி ஆய்வகம் பலருடைய டப்பாக்களைச் சேர்த்து அனுப்ப முடியும்.

கழிவே குறையும் வழிகளும் உண்டு. சுற்றை வரையும்போது காலி இடங்களைக் கிரவுண்டாக நிரப்பிவிட்டால் கரைய வேண்டிய செம்பே பாதியாகும். கரைசலும் நெடுநாள் வரும். அடிக்கடி செய்கிறவர்கள் பெர்ரிக் குளோரைடையே விட்டுவிட்டுக் குப்ரிக் குளோரைடு முறைக்கு மாறலாம். அது ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் செய்வது, புகை அதிகம், திறந்தவெளி வேண்டும். ஆனால் மீன்தொட்டிப் பம்பால் காற்றைச் செலுத்தினால் தீர்ந்த கரைசல் மறுபடி உயிர்பெறும். அவ்வப்போது கொஞ்சம் அமிலம் சேர்த்தால் போதும், கரைசலை ஆண்டுக்கணக்கில் கொட்டாமலே ஓட்டலாம். அந்தப் பம்பு பாக்பஜாரை ஒட்டிய காலிஃப் தெருவின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கிடைக்கும்.

இதில் எதற்கும் பொறுமை இல்லை என்றால், கணினியில் வரைந்ததை ஷென்சென் ஆலைக்கோ பெங்களூரு ஆலைக்கோ அனுப்பிவிடுவதுதான் நேர்மை. பச்சைப் பூச்சோடு, துளைக்குள்ளும் செம்பு பூசி, ஐந்து பலகைகள் சில நாளில் வந்துவிடும். அவர்களுக்காவது கழிவுநீரைச் சுத்தம் செய்யச் சட்டக் கட்டாயம் இருக்கிறது. கரைசலைச் சாக்கடையில் ஊற்றி வீட்டில் செய்வதைவிட, செய்யாமல் இருப்பது மேல் என்பதே என் தீர்மானம்.

சாந்தினிக் கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெர்ரிக் குளோரைடு பாக்கெட்டோடு ஒரு சோடாப் பொட்டலத்தையும், வங்காளத்திலும் இந்தியிலும் நாலு வரி அச்சிட்ட துண்டுச்சீட்டையும் சேர்த்துக் கொடுங்கள். ரிச்சி தெருக் கடைக்காரர்களுக்கும் அதே வேண்டுகோள், தமிழில். உங்கள் தெருவிலிருந்து கூவம் எட்டிப் பிடிக்கும் தூரத்தில் ஓடுகிறது. தெற்கே பள்ளிக்கரணையும் 2022இல் ராம்சார் பட்டியலுக்கு வந்துவிட்டது. பாலிடெக்னிக் ஆசிரியர்களே, பலகை அரிக்கும் செய்முறைப் பாடத்தைத் தகட்டைக் கழுவுவதோடு முடிக்காதீர்கள், வாளியில் செம்பு படிவதுவரை மாணவர்களை நிற்க வைத்துக் காட்டுங்கள், அதற்கும் மதிப்பெண் கொடுங்கள். வீட்டில் செய்யப்போகும் உங்களுக்கு, தகடு வாங்கும் நாளிலேயே சலவைச் சோடாவும் வாங்கிவிடுங்கள். எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கும்.